சொன்னவர்: அர்த்தநாரி

'தெரியாதுங்க' என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் வாயில் வைக்க மறந்து ஆண்டவன் படைத்துவிட்ட ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அதைப் பார்க்கக் காடு மலை ஏற வேண்டாம். திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஊரிலேயே இல்லாத ஒரு தெருவின் பெயரைச் சொல்லி எப்படிப் போவது என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். 'அப்படியொரு தெரு இல்லீங்களே' என்பவர் சாதாரண மனிதர், விட்டுவிடுங்கள். 'நேராப் போயி, ஒரு பேக்கரி வரும் பாருங்க, அங்கிருந்து சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க' என்று கையை நீட்டுகிறாரே, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்தான். தெருவே கிடையாது, ஆனால் வழி இருக்கிறது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்ல மனசு, அவ்வளவுதான்.

இந்த இனத்தில், அதே திருப்பூரில் மண்ணரைப் பகுதியில் இருக்கும் அர்த்தநாரியை மிஞ்ச ஆள் இல்லை. வயது அறுபத்து நான்கு. ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் செக்கிங் சூப்பர்வைசர். அதாவது, தைத்து வந்த பனியனை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கோணல் தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்கிற வேலை. கைக்குச் சட்டென்று கிடைக்கட்டும் என்று ஸ்டிக்கர்களைத் தன் சட்டைப் பைக்கு மேலே வரிசையாக ஒட்டிவைத்துக்கொள்வார். கம்பெனியை விட்டு நின்று நாலு வருஷம் ஆகிறது. அம்பு ஸ்டிக்கர் அட்டை ஒன்று இன்னும் பையில் இருக்கிறது. மனைவி குழந்தையம்மாள் சுட்ட தோசை ஓரம் கருகினால் அதன்மேல் ஒட்டுவார். ஒரு தரம் பக்கத்து ஊட்டுக்காரர் புதுக்கார் வாங்கி வந்து காட்டியபோது, கதவில் இருந்த கீறலுக்கு ஒட்டினார். அந்த ஊட்டோடு இப்போது பேச்சு வார்த்தை இல்லை.

கல்யாண மண்டபத்தில் அவர் பக்கத்து இலையில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். போன ஆவணியில் ஒருவர் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்க குன்னத்தூர்ல பாத்திரக்கடை வெச்சிருக்கறவருதானுங்க?"

"இல்லீங்க. நமக்குக் காங்கேயம். ரைஸ் மில்லுங்க."

"அதானுங்க சொல்றன். அந்தப் பாத்திரக்கடைக்காரரு உங்களுக்குப் பங்காளி."

"குன்னத்தூர்ல எங்களுக்குப் பங்காளிக யாருமில்லீங்களே."

"உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க."

அந்த மனுஷன் ரசத்துக்குக் கூடக் காத்திருக்காமல் எழுந்து கை கழுவிவிட்டு, மண்டபத்து வாசலில் நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டார். வீட்டில் என்ன நடந்ததோ, நமக்கு வேண்டாம்.

இப்படிப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, 'ஐயா, இதில் இருப்பவர் யார்?' என்று ஒரு நூலகமே கேட்டால் என்ன ஆகும்? கேட்டது.

ஊரில் மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து பதினொரு அட்டைப்பெட்டி படங்கள் அந்தக் கிளை நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு படத்தின் பின்னாலும் ஒரு எழுத்து கிடையாது. நூலகர் தமிழ்மதி வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்னப் பெண். இங்கே யாரையும் தெரியாது. ஆகவே வாசலில் ஒரு தாளை ஒட்டினாள்: 'இவர்களைத் தெரியுமா? ஞாயிறுதோறும் வாருங்கள். ஊர் வரலாற்றை ஊரே எழுதட்டும்.' ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு. அதில் யார், எங்கே, எப்போது என்று மூன்று கட்டம். அதற்குக் கீழே 'சொன்னவர்'. அதற்கும் கீழே, 'ஆமோதிப்பவர்'. படத்தில் இருப்பவரே நேரில் வந்துவிட்டால் அவர் சொல்வதே முடிவு என்று ஒரு விதி. ஐந்நூறு படங்களுக்கு விவரம் சொல்பவரின் பெயர் கண்காட்சி வாசலில் பலகையில் எழுதப்படும் என்று ஓர் ஆசை வார்த்தை. ஐந்நூறு எவருக்கும் எட்டாது என்ற தைரியத்தில்தான் பாவம் அவள் அதை எழுதினாள்.

முதல் ஞாயிறு பதினைந்து பேர் வந்தார்கள். பதின்மூன்று பேர் படங்களைப் புரட்டினார்கள், 'அட, அந்தக் காலத்துச் சட்டையைப் பாரு' என்றார்கள், 'யாருன்னு தெரியலீங்க அம்மிணி' என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இரண்டு சீட்டு எழுதினார். இரண்டிலும் 'நிச்சயமில்லை' என்று அடைப்புக்குறி போட்டார். பதினைந்தாவது ஆள் அர்த்தநாரி. அன்றைக்கு மட்டும் நாற்பத்தொரு சீட்டு.

சும்மா எழுதவில்லை, வம்சாவளியோடு எழுதினார். காங்கேயம் காளை ஒன்றின் படத்துக்கு அதன் சொந்தக்காரர் பெயர், அவர் பெண் எடுத்த ஊர், காளையின் தாய் வழிப் பாட்டி. கூட்டத்தில் முதுகு காட்டி நின்ற ஏழு பேருக்கும் ஏழு பெயர். முதுகை வைத்து எப்படி என்று தமிழ்மதி கேட்டதற்கு, "கழுத்தப் பாத்தாத் தெரியாதுங்களா!" தலை நிற்காத கைக்குழந்தை ஒன்று குப்புறக் கிடந்த படத்துக்கு, 'இவர் இப்போது பல் டாக்டர்.' ஒரு படத்தில் ஆளே இல்லை, ஸ்டுடியோ திரைக்கு முன்னால் வெறும் நாற்காலி. ஸ்டுடியோக்காரர் வெளிச்சம் பார்க்க எடுத்திருப்பார். அதையாவது விட்டாரா?

"இதுல உக்கார வேண்டியவரு சந்தைக்குப் போயிட்டாருங்க. எனக்கு நல்லாத் தெரியும். எழுதிக்கங்க."

ஆமோதிப்பவர் என்ற கட்டத்துக்கு மறு ஞாயிறிலிருந்து அவரே ஓர் ஆளைக் கூட்டி வந்தார். அருள்செல்வன் என்று பழைய டெய்லர். வரும் வழியில் பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தால் போதும், படத்தைத் திருப்பிக் காட்டும் முன்பே, "ஆமாங்க, அவரேதானுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். நாற்காலிக்கும் போட்டார்.

"இவ்வளவு பேரை எப்படிங்க சார் ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று தமிழ்மதி கேட்டாள்.

"ஒரு பீஸைத் தொட்டா எந்த டெய்லர் தெச்சதுன்னு சொல்லீருவனுங்க அம்மிணி. மூஞ்சியும் ஒரு பீஸுதானுங்களே."

சிரிக்காதீர்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சிரியுங்கள். முப்பத்து நான்கு வருஷத்தில் அர்த்தநாரியின் கைபட்டுக் கப்பல் ஏறிய பனியன்கள் எத்தனை லட்சமோ. ஒன்றின் கழுத்திலாவது அவர் பெயர் இருந்ததா? ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர் இருந்தது. கறை பட்ட பீஸ் தப்பிப் போய்விட்டால் திட்டு இவருக்கு, நன்றாக இருந்தால் பெயர் அவனுக்கு. இப்போது ஒவ்வொரு சீட்டின் அடியிலும் 'சொன்னவர்: அர்த்தநாரி' என்று எழுதும்போது அவருக்கு உள்ளே குளிர்ந்தது. அந்தப் பலகை வேண்டும் என்று ராப்பகலாக ஏங்கினார். குழந்தையம்மாளிடம் சொல்லிப் பலகைத் திறப்புக்கு ஒரு வேட்டி கூட எடுத்தாயிற்று.

ஐந்நூறாவது படம் ஒரு குரூப் போட்டோ. வாசலில் வாழைக்கன்று கட்டியிருக்க, இருபது பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். நிறம் மங்கிச் செம்மண் பூத்திருந்தது. அர்த்தநாரி கண்ணை மூடித் திறந்தார்.

"கல்யாண ஊடுங்க. எழுபத்தொம்போது. காங்கேயத்து எண்ணெய் மில் முதலாளி ஊட்டு விசேசம். இந்த அம்மா முதலாளி சம்சாரம்."

"அவங்க நெத்தியில என்னங்க சார், சிவப்பா அம்பு மாதிரி?"

இங்கேதான் நம் ஆள் நம் எல்லோரையும் தாண்டிப் போனார். "அது ஒரு திலகமுங்க. குன்னத்தூர்ப் பக்கம் தலைச்சன் பிள்ளை உண்டாயிருக்கற பொம்பளைங்க வெச்சுக்குவாங்க. இப்பெல்லாம் யாரு வெக்கறா, எல்லாம் போச்சு."

"ஓரத்துல சைடுல திரும்பி, கையை நீட்டி யாரையோ அதட்டுறாரே, இவரு?"

அர்த்தநாரி அந்த முகத்தைப் பார்த்தார். அடர்ந்த மீசை. தலை நிறைய முடி. பார்த்தவுடனே பிடிக்கவில்லை. "மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தொண்ணூத்தொண்ணுல செத்துட்டாரு. அந்த மூஞ்சியப் பாருங்க அம்மிணி, நாலு பேரோட ஒத்துப் போற ஆளா இது? மண்டைக்கனம் புடிச்ச மனுசன். சாவுக்குக் கூட யாரும் போகலீங்க."

"ஆமாங்க, அவரேதானுங்க," என்றார் அருள்செல்வன், பப்ஸை முழுங்கிக்கொண்டே.

திலகம் பிடித்துக்கொண்டது. தமிழ்மதி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்காட்சியின் நடுவில் வைக்க ஏற்பாடு செய்தாள். நூலகத்தின் வாட்ஸப்பில் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்து, அம்புத் திலகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டதாகவும், இப்போதைக்குப் பன்னிரண்டு பக்கம் வந்திருப்பதாகவும் சொன்னார்.

கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு, சீட்டுகளை மேசையில் பரப்பி ஆட்சேபணை கேட்கும் நாள். அதுதான் கடைசி நாளும். அன்று மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை முடிந்துவிடும். அர்த்தநாரி மூன்று மணிக்கே புது வேட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார். சீட்டு எழுதி முடித்த படங்களுக்கு ஒட்டச் சொல்லித் தமிழ்மதி கொடுத்திருந்த மஞ்சள் வட்ட ஸ்டிக்கர்கள் அவர் சட்டைப் பைக்கு மேலே வரிசையாக இருந்தன.

நாலு மணிக்கு ஓர் அம்மாள் வந்தாள். பெயர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து முப்பத்தைந்து வருஷமாகப் பனியனில் பிசிர் வெட்டியும் செக்கிங் பார்த்தும் வருகிறவள். கையில் போனை நீட்டினாள்.

"இந்தப் படத்துல இருக்கிறது நாந்தேம்மா. எம்மக ஆஷா போன்ல பாத்துப்பிட்டு, 'எம்மா, உன்னைய எண்ணெய் மில்லு மொதலாளி பொண்டாட்டின்னு போட்டுருக்காய்ங்க'ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறா. இது கல்யாணமில்ல. எங்க கம்பெனியில ஆயுத பூசை. தொண்ணூத்தி நாலு. ஆஷா அப்ப வயித்துல."

அர்த்தநாரி துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! உண்டாயிருந்தாங்களா இல்லீங்களா? திலகம் சரிதானுங்களே!"

ஒச்சம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது திலகம் இல்ல சார். செக்கிங் ஸ்டிக்கரு. கறை பட்ட பீஸு ஒண்ண நான் பாக்காம விட்டுட்டேன். 'கண்ணு இருக்குதா இல்லையா'ன்னு கேட்டு, அத்தன பேரு முன்னால எந்நெத்தியில ஒட்டுனாரு எங்க சூப்பர்வைசரு. அந்நேரம் போட்டோக்காரரு வந்துட்டாரு. சூப்பர்வைசரு, 'ஸ்டிக்கர எடுக்கப்படாது, அப்பிடியே நில்லு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாய்ங்க. நான் சிரிக்கல, பாருங்க."

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். இருபது பேரில் பதினெட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா அந்த சூப்பர்வைசர்?" என்றாள் தமிழ்மதி.

ஒச்சம்மாள் ஓரத்தில் கை நீட்டி நின்ற மீசைக்காரரைத் தொட்டுக் காட்டினாள். "இவருதேன். இந்தா, இங்கிட்டு நிக்கிறாருல்ல, இந்தச் சாருதேன்."

"நானா?" என்றார் அர்த்தநாரி. "இவரு தொண்ணூத்தொண்ணுலயே செத்துட்டாருங்க!"

"படம் தொண்ணூத்தி நாலுங்கறாங்களே சார். செத்து மூணு வருசம் கழிச்சா போட்டோவுக்கு நிப்பாரு?" என்றாள் தமிழ்மதி.

"அதனாலதானுங்க மூஞ்சி அப்படி வெளிறிக் கெடக்குது!"

தமிழ்மதி பூதக்கண்ணாடியை எடுத்தாள். மீசைக்காரரின் சட்டைப் பைக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன அம்புகள். கண்ணாடியை இறக்கி, எதிரே நின்றவரின் சட்டைப் பையைப் பார்த்தாள். வரிசையாக மஞ்சள் வட்டங்கள். அருள்செல்வனும் எட்டிப் பார்த்தார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"ஆமாங்க, அவரேதானுங்க."

ஐந்நூறு பொய்க்கு ஆமாம் போட்ட வாய் முதல் தடவையாக உண்மைக்கு ஆமாம் போட்டது.

"விதிப்படி, படத்துல இருக்கறவர் நேர்ல இருந்தா அவர் சொல்றதுதான் முடிவு," என்றாள் தமிழ்மதி. "இந்தம்மாதான் படத்துல இருக்கறவங்கன்னு உறுதிப்படுத்த அந்த சூப்பர்வைசரால மட்டும்தான் முடியும். நீங்களே சொல்லுங்க சார். இது நீங்களா?"

அர்த்தநாரி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆமாம் என்றால் சீட்டு தப்பு, எண்ணிக்கை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, பலகை போச்சு, வேட்டி வீண். இல்லை என்றால் பலகை நிற்கும், திலகமும் நிற்கும், இந்த அம்மாள் எண்ணெய் மில் முதலாளி சம்சாரமாகவே சுவரில் தொங்குவாள். இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் படத்தைப் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. பொரி வாசனை வந்தது. சூடத்துப் புகை வந்தது. படம் எடுத்து முடித்ததும் கிளம்பிய சிரிப்புச் சத்தம் வந்தது, அதில் தன் சிரிப்பும் இருந்தது. ஊரில் எவன் முதுகைக் கண்டாலும் பெயர் சொல்லுகிறவருக்கு, சொந்த மூஞ்சி மட்டும் ஏன் அடையாளம் தெரியாமல் போனது? வெட்கம் கழுத்து வரை ஏறியது.

"எனக்குச் சண்டை ஒண்ணுமில்லம்மா," என்று ஒச்சம்மாள் தமிழ்மதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க ஊருக்குப் போனா திருப்பூர்க்காரிங்கிறாய்ங்க. இங்கிட்டு தெக்கத்திக்காரிங்கிறாய்ங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல ஒச்சம்மான்னு எம்பேரு எழுதிக் கெடக்கட்டுமேன்னுதேன் வந்தேன்." பிறகு அர்த்தநாரியிடம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, "சரி சார், உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்புடுங்க. நான் போயிர்றேன்," என்றாள்.

தெரியலையா? அவருக்கா?

"தெரியாம என்னங்க!" என்று அர்த்தநாரி கத்தியேவிட்டார். "நானேதானுங்க! தொண்ணூத்தி நாலு, ஆயுத பூசை, நீங்க மூணாவது டேபிள், கழுத்துக்குக் கீழ எண்ணெய்க் கறை. எல்லாந் தெரியுமுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுங்க. மன்னிச்சுக்கங்க அம்மிணி. புள்ளத்தாச்சி நெத்தியில போயி ஒட்டியிருக்கறன் பாருங்க, நானெல்லாம் ஒரு மனுசன்."

புதுச் சீட்டு எழுதப்பட்டது. யார்: ஒச்சம்மாள், செக்கிங். நெற்றியில் இருப்பது ஸ்டிக்கர். ஒட்டியவர் அர்த்தநாரி, உயிரோடு இருக்கிறார். 'சொன்னவர்' என்ற கட்டத்தில் ஒச்சம்மாள் ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிய பிறகு விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். அர்த்தநாரி பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் அட்டையை எடுத்தார், ஒன்றை உரித்தார், தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டார். ஒச்சம்மாள் முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் படத்துக்காக அப்போதுதான் சிரித்தாள்.

தமிழ்மதிக்குச் சிரிக்க நேரமில்லை. அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. "சார், அப்ப மீதி நானூத்தித் தொண்ணூத்தொம்போது?"

"அதெல்லாம் சரிதானுங்க அம்மிணி," என்றார் அர்த்தநாரி தெம்பாக. "அதுல நான் இல்லீங்களே!"

அன்று மாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் அவர் நெற்றியைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, அது என்னங்க என்று கேட்டிருக்கிறார். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"குன்னத்தூர்ப் பக்கத்து வழக்கமுங்க."

பேராசிரியர் கட்டுரையை நிறுத்தவில்லை என்று கேள்வி. ஆண்களும் இட்டுக்கொள்வார்கள் என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறாராம்.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'அட, இது நம்ம எதிர்வீட்டுக்காரர்தான்', 'இது நம்ம ஆபீஸ் ஹெட்கிளார்க்கேதான்' என்று உங்களுக்கு ஒரு முகம் தெரிந்ததா? சந்தேகமே இல்லாமல் தெரிந்ததா? பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, 'இது யாருன்னு எனக்குத் தெரியும்' என்று சொல்லக்கூட வாயெடுத்துவிட்டீர்களா? நல்லது. சீட்டு இந்தாருங்கள். முதல் கட்டத்தில் அவர் பெயரை எழுதுங்கள். 'சொன்னவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள்.